‘ஆக்டிவ்’ என்றால் என்ன பொருள்? ஏஎஸ்/400இல் நெட்வொர்க் இன்டர்ஃபேஸைத் தொடங்குவதும் சரிபார்ப்பதும்

ஏஎஸ்/400 என்றே பலர் இன்னும் அழைக்கும் கணினிக்கு ஐபிஎம் பலமுறை பெயர் மாற்றிவிட்டது. 1988 ஜூனில் அறிவித்தபோது ஏஎஸ்/400. 2000இல் ஐசீரீஸ். 2006இல் சிஸ்டம் ஐ. 2008இல் வன்பொருளுக்குப் பவர் சிஸ்டம்ஸ் என்றும், அதில் ஓடும் இயக்க முறைமைக்கு ஐபிஎம் ஐ என்றும் பெயர் வந்தது. பெயர் எதுவானாலும் அதற்கான இடம் மாறவில்லை. மெயின்ஃப்ரேம் வாங்கும் அளவுக்குத் தேவையும் பணமும் இல்லை, மேசைக் கணினியின் பலமும் போதாது என்ற நிறுவனங்களுக்கான நடுத்தர வணிகக் கணினி அது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடங்குகளிலும் இன்றும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸோ விண்டோஸோ நன்கு தெரிந்த ஒருவரை இந்தக் கணினியின் பச்சைத் திரை முன் உட்காரவைத்து, “நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஓடுகிறதா பாருங்கள்” என்றால் முதலில் கொஞ்சம் தடுமாறுவார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே ஆகியவை என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணினியில் ‘ஆக்டிவ்’ என்ற சொல் ஒரே இடத்தில் வருவதில்லை. அடுக்கடுக்காகப் பல பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் நிலையைத் தனித்தனியாகச் சொல்கிறது. ஓர் அடுக்கு ‘ஆக்டிவ்’ என்று சொன்னால் அது தன்னைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மேலே இருப்பதற்கும் அது பொறுப்பேற்காது, கம்பியின் அந்த முனையில் இருப்பதற்கும் பொறுப்பேற்காது. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

அடுக்குகள் எங்கிருந்து வந்தன

ஏஎஸ்/400 பிறந்தபோது அதன் தாய்மொழி டிசிபி/ஐபி அல்ல. ட்வினாக்ஸ் என்ற ஐபிஎம் கேபிளில் தொங்கும் 5250 என்ற பச்சைத் திரை முனையங்களும், ஐபிஎம்மின் சொந்த வலையமைப்பான எஸ்என்ஏவும்தான் அதன் உலகம். அந்த உலகில் வெளியே போகும் எதற்கும் மூன்று பொருள்கள் வேண்டும். முதலில் லைன், அதன் கீழே கன்ட்ரோலர், அதன் கீழே டிவைஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்கிரிப்ஷன், அதாவது கணினிக்குள் பெயரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு விவரப் பொருள்.

டிசிபி/ஐபி பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. வந்தபோது பழைய வீட்டை யாரும் இடிக்கவில்லை, அந்த மூன்று அடுக்கின் மேலேயே அதையும் குடியேற்றினார்கள். அதனால்தான் இன்று ஓர் ஈதர்நெட் முகவரியைத் தொடங்கினாலும் அதன் அடியில் ஒரு லைன் இருக்கிறது. லைனுக்குக் கீழே ஒரு நெட்வொர்க் கன்ட்ரோலரும் ஒரு நெட்வொர்க் டிவைஸும் தாமாக முளைக்கின்றன. இந்த இரண்டையும் நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை. இன்டர்ஃபேஸ் முதல்முறை தொடங்கும்போது கணினியே உருவாக்கிக்கொள்ளும். திரையில் தெரியாத பெயரில் ஏதோ இருக்கிறதே என்று நினைத்து அழித்துவிடாமல் இருந்தால் போதும்.

ஆக, உங்கள் கவனத்துக்கு உரியவை லைனும் இன்டர்ஃபேஸும். லைன் ஒரு தெரு என்றால், இன்டர்ஃபேஸ் அந்தத் தெருவில் உள்ள கதவு எண். ஒரே தெருவில் பல கதவு எண்கள் இருக்கலாம், அதுபோல ஒரே லைனின் மேல் பல ஐபி முகவரிகளை வைக்கலாம். தெரு மூடினால் எல்லாக் கதவுகளும் அடைபடும். ஒரு கதவைச் சாத்தினால் தெருவுக்கு ஒன்றும் ஆகாது.

கட்டளைகளைப் படிக்கும் முறை

இந்தக் கணினியின் கட்டளைகள் பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் அவற்றில் ஒழுங்கு உண்டு. முன்னால் ஒரு வினை, பெரும்பாலும் மூன்று எழுத்தில். எஸ்டிஆர் என்றால் தொடங்கு, எண்ட் என்றால் நிறுத்து, டிஎஸ்பி என்றால் காட்டு, டபிள்யூஆர்கே என்றால் பட்டியலை எடுத்து வேலை செய், ஆட் என்றால் சேர், சிஎச்ஜி என்றால் மாற்று. பின்னால் வருவது பொருள். டிசிபி, இன்டர்ஃபேஸுக்கு ஐஎஃப்சி, லைனுக்கு லின். இவற்றை ஒட்டினால் கட்டளை. எஸ்டிஆர்-டிசிபி-ஐஎஃப்சி என்றால் ‘டிசிபி இன்டர்ஃபேஸைத் தொடங்கு’. கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே நடுவில் கோடு போட்டிருக்கிறேன். தட்டும்போது கோடும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம்.

கட்டளையைத் தட்டிவிட்டு எண்டர் அழுத்தாமல் எஃப்4 அழுத்தினால், அது கேட்கும் விவரங்கள் அனைத்தும் படிவம்போல விரியும். எஃப்1 உதவி. எந்தக் கட்டத்தில் கர்சர் நிற்கிறதோ, அதற்கான விளக்கத்தையே எஃப்1 காட்டும். வெளியே தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. பல தொகுப்புகளின் உதவிப் பக்கங்களைவிட இது உண்மையில் பயன்படும்.

கீழிருந்து: லைன்

ஈதர்நெட் அட்டைக்குக் கணினி தானாகவே ஒரு வளப் பெயர் வைத்திருக்கும். பெரும்பாலும் சிஎம்என்01, சிஎம்என்03 என்பதுபோல இருக்கும். வன்பொருள் வளங்களின் பட்டியலைத் தகவல்தொடர்புக்கு மட்டும் சுருக்கிப் பார்த்தால் இந்தப் பெயர்களும், அட்டை ‘ஆபரேஷனல்’ நிலையில் இருக்கிறதா என்பதும் தெரியும். அந்தக் கட்டளை டபிள்யூஆர்கே-எச்டிடபிள்யூ-ஆர்எஸ்சி. அதில் வகைக்கு *சிஎம்என் கொடுங்கள்.

அந்த வளப் பெயரைச் சுட்டிக்காட்டி ஒரு லைன் டிஸ்கிரிப்ஷன் உருவாக்க வேண்டும். கட்டளை சிஆர்டி-லின்-ஈத். லைனுக்கு நீங்கள் விரும்பும் பெயர் வைக்கலாம். இந்தக் கட்டுரைக்கு ஈத்லைன் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விவரங்களில் பெரும்பாலானவற்றை இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியவை வேகமும் டூப்ளெக்ஸும்தான் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்பலாமா என்பது டூப்ளெக்ஸ்). இரண்டையும் *ஆட்டோ என்று வைப்பது வழக்கம். ஆனால் மறுமுனையில் உள்ள ஸ்விட்சின் போர்ட்டும் ஆட்டோவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் நிர்ணயித்த வேகம் என்று இருந்தால், இணைப்பு வரும், பிங் போகும், கோப்பு அனுப்பும்போது மட்டும் ஆமை வேகம். இது மிகப் பழைய தொல்லை, இன்னும் ஒழியவில்லை. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஎஸ்பி-லின்-டி கட்டளையால் அதன் விவரத்தைத் திறந்தால், நீங்கள் கேட்ட வேகமும் இப்போது உண்மையில் கிடைத்திருக்கும் வேகமும் தனித்தனி வரிகளில் தெரியும். இரண்டாவதைப் பாருங்கள்.

லைனை உயிர்ப்பிப்பதை ‘வேரி ஆன்’ என்பார்கள், அணைப்பதை ‘வேரி ஆஃப்’. இந்தக் கணினிக்காரர்கள் வேறு எந்தச் சொல்லையும் பயன்படுத்திக் கேட்க முடியாது. லைன்களின் நிலையைப் பார்க்க டபிள்யூஆர்கே-சிஎஃப்ஜி-எஸ்டிஎஸ், வகை *லின், பெயர் ஈத்லைன். அங்கே எண் 1 போட்டால் வேரி ஆன், 2 போட்டால் வேரி ஆஃப்.

இந்தத் திரையில் வரும் நிலைகளைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ‘வேரிட் ஆஃப்’ என்றால் அணைந்திருக்கிறது. ‘வேரிட் ஆன்’ என்றால் உயிரோடு இருக்கிறது, ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை. ‘ஆக்டிவ்’ என்றால் உயிரோடும் இருக்கிறது, மேலே டிசிபி/ஐபியோ வேறு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அப்போது லைனின் கீழே கன்ட்ரோலரும் டிவைஸும் ஆக்டிவாகத் தெரியும். டிவைஸ் வரியின் அருகில் டிசிபியை நடத்தும் ஜாபும் தெரியும், அதன் பயனர் பெயர் க்யூடிசிபி.

அடுத்து வருவது ‘ஆர்சிஒய்பிஎன்டி’. ரெக்கவரி பெண்டிங் என்பதன் சுருக்கம். கேபிள் கழன்றது, ஸ்விட்ச் நின்றது என்று ஏதோ நடந்து லைன் விழுந்துவிட்டது. கணினி குறிப்பிட்ட தடவைகள் தானாக எழுப்ப முயன்று பார்த்தது. முடியவில்லை. இப்போது மனிதர் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் கேட்கும் செய்தி, கணினி இயக்குநரின் செய்தி வரிசையான க்யூசிஸ்ஓபிஆரில் இருக்கும். அதைப் போய்ப் பார்த்து, காரணத்தைச் சரிசெய்துவிட்டு, மீண்டும் முயற்சி செய் என்பதற்கு ‘ஆர்’ என்று பதில் சொல்ல வேண்டும். ‘சி’ என்று பதில் சொன்னால் ரத்து. பிறகு நிலை ‘ஆர்சிஒய்சிஎன்எல்’ ஆகிவிடும், கணினி இனி தானாக முயலாது. கேபிளைச் செருகிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. செய்தி வரிசையில் ஒரு கேள்வி பதிலின்றிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கணினியில் எந்தக் கோளாறுக்கும் முதலில் க்யூசிஸ்ஓபிஆரைப் படிப்பது என்ற பழக்கம் வந்துவிட்டால், நீங்கள் பாதி ஏஎஸ்/400 ஆள் ஆகிவிட்டீர்கள்.

மேலே: இன்டர்ஃபேஸ்

லைன் கிடைத்துவிட்டது. இனி அதன் மேல் முகவரி. சிஎஃப்ஜி-டிசிபி என்று தட்டினால் ஒரு மெனு வரும். அதில் எண் 1 இன்டர்ஃபேஸ்கள், எண் 2 ரூட்டுகள், எண் 10 ஹோஸ்ட் அட்டவணை, எண் 12 டொமைன் விவரம். நமக்கு இப்போது 1.

அங்கே ஏற்கெனவே ஒரு வரி இருக்கும்: 127.0.0.1, லைன் பெயர் *லூப்பேக். இது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. இதற்கு அட்டையும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க மேல் வரியில் 1 போட்டு முகவரியைத் தட்டினால், ஆட்-டிசிபி-ஐஎஃப்சி படிவம் விரியும். முகவரி 10.1.1.20, லைன் ஈத்லைன், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்தால் வேலை முடிந்தது. மாற்றம் செய்ய உங்கள் பயனர் கணக்குக்கு *ஐஓசிஸ்சிஎஃப்ஜி என்ற சிறப்பு அதிகாரம் வேண்டும். அது இல்லையென்றால் கணினி மரியாதையாக மறுத்துவிடும்.

இன்டர்ஃபேஸின் அடையாளமே அதன் ஐபி முகவரிதான். ஆகவே மாஸ்க்கை மாற்றலாம், லைனை மாற்றலாம், முகவரியை மட்டும் மாற்ற முடியாது. தவறாகத் தட்டியிருந்தால் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

படிவத்தில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று ஒரு வரி இருக்கும். இயல்பு மதிப்பு *யெஸ். இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ‘யெஸ் என்றுதானே இருக்கிறது, ஏன் ஓடவில்லை?’ என்ற கேள்வி வரும். இதன் பொருள், டிசிபி/ஐபி தொடங்கும்போது கூடவே இதையும் தொடங்கு என்பது. நீங்கள் சேர்க்கும்போது டிசிபி/ஐபி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தருணம் கடந்துபோய்விட்டது. முதல் தடவை கையால்தான் தொடங்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. ஆட்டோஸ்டார்ட் *நோ என்றிருக்கும் இன்டர்ஃபேஸை யாரோ ஒருநாள் கையால் தொடங்கி, மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியை மறுதொடக்கம் செய்வார்கள். திங்கள் காலை அந்த முகவரி இருக்காது. கணினியின் மீது தவறில்லை. ஆட்டோஸ்டார்ட் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை எல்லா வரிகளையும் பார்த்து வைத்துக்கொள்வது திங்கள்கிழமைகளுக்கு நல்லது.

தொடங்குவது

இங்கே இரண்டு தொடக்கங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது.

எஸ்டிஆர்-டிசிபி என்பது டிசிபி/ஐபி முழுவதையும் எழுப்புவது. அடிப்படை மென்பொருளை எழுப்பி, ஆட்டோஸ்டார்ட் உள்ள இன்டர்ஃபேஸ்களைத் தொடங்கி, டெல்நெட், எஃப்டிபி போன்ற சர்வர்களையும் கிளப்பிவிடும். இப்போதைய கணினிகளில் இதை நீங்கள் தட்ட வேண்டிய தேவையே அரிது. கணினி எழும்போதே டிசிபி/ஐபியும் எழட்டுமா என்பதை ஒரு தொடக்கப் பண்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு ‘ஆம்’. ஏற்கெனவே ஓடும்போது இதைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கணினி சும்மா இருக்கும், ஒன்றும் கெடாது.

எஸ்டிஆர்-டிசிபி-ஐஎஃப்சி என்பது ஒரே ஒரு முகவரியை மட்டும் எழுப்புவது. கேட்பது ஐபி முகவரி ஒன்றைத்தான். மெனுவில் இருந்தபடியே அந்த வரிக்கு எதிரே 9 போட்டாலும் இதே வேலை நடக்கும், 10 போட்டால் நிற்கும். இதில் ஒரு வசதி உண்டு. அடியில் உள்ள லைன் வேரி ஆஃப் நிலையில் இருந்தால், இன்டர்ஃபேஸைத் தொடங்கும்போதே கணினி அதையும் வேரி ஆன் செய்துவிடும். அதனால் தொடங்குவதற்கு மேலிருந்து ஒரு கட்டளை போதும். அணைப்பதில் இந்தத் தாராளம் கிடையாது. லைனை வேரி ஆஃப் செய்ய வேண்டுமானால் அதன் மேலுள்ள இன்டர்ஃபேஸ்களை முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள்.

கட்டளை முடிந்து கர்சர் திரும்பி வந்துவிட்டது என்பதால் இன்டர்ஃபேஸ் எழுந்துவிட்டது என்று பொருளல்ல. கணினி கோரிக்கையை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். உண்மையில் எழுந்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பது: நெட்ஸ்டாட்

இதற்கென்று இருக்கும் திரை நெட்ஸ்டாட். பெயர் பிற கணினிகளில் உள்ளதுதான், ஆனால் இங்கே அது மெனுவாக வரும். எண் 1 இன்டர்ஃபேஸ் நிலை, 2 ரூட் விவரம், 3 இணைப்புகளின் நிலை. ஐபிவி6க்குத் தனியாக எண்கள் உண்டு.

எண் 1ஐ எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, அது சேர்ந்த வலையின் முகவரி, லைன் பெயர், கடைசியில் நிலை. நம் எடுத்துக்காட்டில் 10.1.1.20, 10.1.1.0, ஈத்லைன், ஆக்டிவ் என்று வர வேண்டும். ‘ஸ்டார்ட்டிங்’ என்று காட்டினால் சில நொடிகள் விட்டு எஃப்5 அழுத்திப் புதுப்பியுங்கள். நெடுநேரம் ஸ்டார்ட்டிங்கிலேயே நின்றால் இன்டர்ஃபேஸை நோண்டாதீர்கள், அடியில் லைனைப் பாருங்கள். அந்த வரிக்கு எதிரே 12 போட்டால் இதே இடத்திலிருந்து லைனின் நிலைத் திரைக்குத் தாவலாம். லைன் இன்னும் ‘வேரி ஆன் பெண்டிங்’ என்று இழுத்துக்கொண்டிருந்தால், காரணம் கேபிளிலோ ஸ்விட்சிலோ அட்டையிலோ இருக்கிறது.

‘இனாக்டிவ்’ என்றால் யாரும் தொடங்கவில்லை அல்லது யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். ‘ஃபெயில்ட்’ என்றால் தொடங்க முயன்று தோற்றிருக்கிறது. லைனுக்குச் சொன்ன ஆர்சிஒய்பிஎன்டியும் இங்கே வரலாம், பொருள் அதேதான். அதே முகவரியை வலையில் வேறொரு கருவி ஏற்கெனவே வைத்திருந்தாலும் தகராறு வரும். அப்படியானால் செய்தி வரிசைகளில் அது பதிவாகியிருக்கும்.

நெட்ஸ்டாட்டுக்கும் சிஎஃப்ஜி-டிசிபிக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சிஎஃப்ஜி-டிசிபி காட்டுவது எழுதிவைத்திருப்பதை. நெட்ஸ்டாட் காட்டுவது இப்போது நடப்பதை. சிஎஃப்ஜி-டிசிபி பட்டியலிலும் எஃப்11 அழுத்தினால் நிலை தெரியும் என்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும், ஆனால் அப்படியில்லை.

எஸ்கியூஎல் பழகியவர்கள் இந்தத் திரைகள் எதையும் தொடாமலேயே அதே தகவலை வினவி எடுக்கலாம். க்யூசிஸ்2 என்ற ஸ்கீமாவில் நெட்ஸ்டாட்_இன்டர்ஃபேஸ்_இன்ஃபோ என்று ஒரு வியூ இருக்கிறது. காலையில் ஒரு தடவை அதை ஓடவிட்டு, ஆக்டிவாக இல்லாதவற்றை மட்டும் மின்னஞ்சலில் வரவைப்பது கடினமான வேலை இல்லை. நான் பச்சைத் திரையை விரும்புகிறவன்தான். இருந்தாலும் பத்துப் பதினைந்து பார்ட்டிஷன்களை (ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கிய தனித்தனிக் கணினிகளை) கண்ணால் பார்ப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை அல்ல.

பிங்: எந்த வரிசையில்

இன்டர்ஃபேஸ் ஆக்டிவ். சரி. ஆனால் அது பேசுகிறதா? இங்கே பிங் வருகிறது. இந்தக் கணினியில் பிங் அனுப்பினால் இயல்பாக ஐந்து தடவை அனுப்பி, எத்தனை வெற்றி என்று ஒரு செய்தியில் சொல்லும்.

எடுத்த எடுப்பில் தொலைதூரச் சர்வரைப் பிங் செய்து, பதில் இல்லை என்று கைவிரிப்பதில் பயனில்லை. அருகிலிருந்து தொடங்குங்கள். முதலில் 127.0.0.1. பதில் வந்தால் டிசிபி/ஐபி மென்பொருள் உயிரோடு இருக்கிறது, அவ்வளவே. கேபிளைப் பிடுங்கி வைத்தாலும் இது பதில் சொல்லும். அடுத்து உங்கள் சொந்த முகவரி 10.1.1.20. இதற்கும் பதில் கணினிக்குள்ளிருந்தே வருகிறது, கம்பிக்கு வெளியே எதுவும் போவதில்லை. இந்த இரண்டு பிங்கையும் வைத்துக்கொண்டு ‘நெட்வொர்க் நன்றாக இருக்கிறது’ என்று அறிக்கை கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான முதல் சோதனை மூன்றாவதுதான், அதே சப்நெட்டில் உள்ள இன்னொரு கருவி அல்லது கேட்வே. அதற்குப் பதில் வந்தால் அட்டை, லைன், கேபிள், ஸ்விட்ச் நான்கும் சேர்ந்து வேலை செய்கின்றன.

பிறகு கேட்வேக்கு அப்பால் உள்ள ஒரு முகவரி. கேட்வே பேசுகிறது, அப்பால் பேசவில்லை என்றால் இன்டர்ஃபேஸை விட்டுவிடுங்கள், ரூட்டைப் பாருங்கள். *டிஎஃப்டிரூட் என்ற இயல்பு ரூட் இருக்கிறதா, அதன் அடுத்த தாவல் முகவரி உங்கள் சப்நெட்டுக்குள் இருக்கிறதா? நெட்ஸ்டாட்டின் இன்டர்ஃபேஸ் பட்டியலில் ஒரு வரிக்கு எதிரே 8 போட்டால், அந்த இன்டர்ஃபேஸைச் சார்ந்த ரூட்டுகள் மட்டும் வரும். ரூட்டுகள் இன்டர்ஃபேஸைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. இன்டர்ஃபேஸை நிறுத்தினால் அதைச் சார்ந்த ரூட்டும் பயனற்றுப் போகும். கடைசியில், முகவரிக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்துப் பிங் செய்யுங்கள். முகவரிக்கு வரும் பதில் பெயருக்கு வரவில்லை என்றால் குறை டிஎன்எஸ் அமைப்பிலோ ஹோஸ்ட் அட்டவணையிலோ.

ஒரே கணினியில் பல இன்டர்ஃபேஸ்கள் இருந்தால் பிங் எதன் வழியாகப் போனது என்று சந்தேகம் வரும். பிங் கட்டளையில் எஃப்4 அழுத்தி, உள்ளூர் முகவரி என்ற இடத்தில் 10.1.1.20 என்று கொடுத்தால், அந்த முகவரியிலிருந்துதான் போகும். இதைச் செய்யாமல் இரண்டாவது இன்டர்ஃபேஸைச் சோதித்துவிட்டேன் என்று சொல்லவே முடியாது. முதலாவது பதில் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

பிங் போகிறது, ஆனால் பயனர்களால் நுழைய முடியவில்லை என்ற புகாரும் வரும். இங்கே இன்டர்ஃபேஸ் நிரபராதி. நெட்ஸ்டாட்டில் 3ஐ எடுத்து, 23ஆம் போர்ட்டில் டெல்நெட் ‘லிசன்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஸ்டிஆர்-டிசிபி-எஸ்விஆர் கட்டளையால் *டெல்நெட் சர்வரைத் தொடங்க வேண்டும். ஏக்சஸ் கிளையண்ட் மென்பொருள் வழியாக வருபவர்களுக்கு, நுழைவைக் கவனிக்கும் 8476ஆம் போர்ட்டும், எந்தச் சேவை எங்கே என்று சொல்லும் 449ஆம் போர்ட்டும் லிசன் நிலையில் இருக்க வேண்டும். அவற்றை எழுப்புவது எஸ்டிஆர்-ஹோஸ்ட்-எஸ்விஆர்.

கேபிளே இல்லாத காலம்

இன்று பெரும்பாலான ஐபிஎம் ஐ ஒரு முழுக் கணினியாக ஓடுவதில்லை, பவர் சர்வரின் ஒரு பார்ட்டிஷனாகத்தான் ஓடுகிறது. அதற்குக் கிடைக்கும் ஈதர்நெட் அட்டையும் பல இடங்களில் மெய்நிகர் அட்டை. உண்மையான கேபிள் செருகப்பட்டிருப்பது விஐஓஎஸ் என்ற இன்னொரு பார்ட்டிஷனில். அது எல்லாருக்கும் பொதுவாக வெளியுலகை இணைத்துத் தருகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. விஐஓஎஸ் பக்கத்தில் வெளிக் கேபிள் கழன்றாலும், உங்கள் பார்ட்டிஷனின் மெய்நிகர் அட்டை, சர்வரைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து நடத்தும் ஹைப்பர்வைசருக்குள் உயிரோடுதான் இருக்கும். லைன் ஆக்டிவ். இன்டர்ஃபேஸ் ஆக்டிவ். க்யூசிஸ்ஓபிஆரில் ஒரு செய்தியும் இல்லை. அதே சர்வரில் உள்ள பக்கத்து பார்ட்டிஷனுக்குப் பிங் கூடப் போகும். கேட்வேக்கு மட்டும் போகாது. பழைய கணினியில் பழகியவர்கள் ‘லைன் விழுந்தால் செய்தி வந்திருக்குமே’ என்று நம்பி, தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். மெய்நிகர் அட்டையில் ‘ஆக்டிவ்’ என்ற சொல்லின் எல்லை இன்னும் சுருங்கிவிட்டது. அதனால்தான் கேட்வே பிங்கை மேலே அவ்வளவு வலியுறுத்தினேன். மூன்றாவது பிங்குக்குத் தேர்ந்தெடுக்கும் கருவி, அந்தச் சர்வர் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வகை இன்டர்ஃபேஸும் பட்டியலில் தென்படலாம். அதன் லைன் பெயர் *விர்ச்சுவல்ஐபி என்றிருக்கும். இது எந்த லைனுக்கும் சொந்தமில்லாத முகவரி. ஓர் அட்டை விழுந்தாலும் இன்னோர் அட்டை வழியாக அதே முகவரிக்கு வந்து சேரட்டும் என்பதற்காக வைப்பது. இதன் ஆக்டிவ் எந்த அட்டையின் உடல்நலத்தையும் சொல்லாது.

நிறுத்தும்போது

எண்ட்-டிசிபி-ஐஎஃப்சி ஒரு முகவரியை நிறுத்தும். எண்ட்-டிசிபி முழு டிசிபி/ஐபியையும் நிறுத்தும். பெயரில் மூன்றெழுத்து வேறுபாடு, விளைவில் ஓர் அலுவலகமே வேறுபாடு. நீங்கள் டெல்நெட் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால், இரண்டில் எதுவும் உங்கள் காலடிக் கிளையையே வெட்டக்கூடும். எச்எம்சி என்ற, சர்வரை நிர்வகிக்கும் தனிக் கன்சோல் வழியாக வரும் 5250 கன்சோல் பார்ட்டிஷனின் டிசிபி/ஐபியை நம்பி இருப்பதில்லை. இம்மாதிரி வேலைக்கு அதில் போய் உட்காருவதுதான் முறை. முழுச் சேமிப்புக்காக (ஃபுல் பேக்கப்) கணினியைக் கட்டுப்பாட்டு நிலைக்கு (ரெஸ்ட்ரிக்டட் ஸ்டேட்) கொண்டுபோகும்போது டிசிபி/ஐபி நின்றுவிடும். அந்த நிலையிலும் ஒரு முகவரி தேவையென்றால், எஸ்டிஆர்-டிசிபியில் சர்வர்கள் வேண்டாம், இன்டர்ஃபேஸ்கள் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கிவிட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் எஸ்டிஆர்-டிசிபி-ஐஎஃப்சியால் எழுப்பலாம்.

கன்சோலுக்கு வழியில்லை, அந்த இன்டர்ஃபேஸ் வழியாகவே நுழைந்து அதையே நிறுத்தித் தொடங்க வேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டு கட்டளைகளையும் கையால் ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். முதலாவதைத் தட்டியதும் உங்கள் திரை உறைந்துவிடும், இரண்டாவதைத் தட்ட ஆள் இருக்காது. நிறுத்து, அரை நிமிடம் பொறு, தொடங்கு என்று மூன்று வரியில் இந்தக் கணினியின் கட்டளை மொழியான சிஎல்லில் ஒரு சிறு நிரல் எழுதி, எஸ்பிஎம்-ஜாப் மூலம் பேட்ச் வேலையாகச் சமர்ப்பியுங்கள். உங்கள் அமர்வு அறுந்தாலும் பேட்ச் வேலை கணினிக்குள் ஓடி, இன்டர்ஃபேஸை மீண்டும் எழுப்பிவிடும். நடுவில் அறுபட்ட பயனர்கள் மறுபடி நுழைய வேண்டியிருக்கும், ஆகவே அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.